வாணலிக்காரனின் இடது கை

செங்கல்பட்டில் ஒரு தியேட்டர். காலைக் காட்சி. படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஒன்பது பேரும் எழுந்து, பின்பக்கம் திரும்பி, ஆபரேட்டர் அறையின் சின்ன சன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம்.

சத்தம் கேட்கவில்லை என்று கத்தவில்லை. படம் மங்கலாக இருக்கிறது என்றும் இல்லை. படத்தை இடம் வலமாக மாற்றிப் போட்டுவிட்டான் என்பது எங்கள் புகார்.

"யோவ் ஆபரேட்டரு, படத்தத் திருப்பிப் போட்டுட்டு இன்னா தூங்கினு கீறியா?" டில்லி நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

பின் வரிசைகளில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். படம் நன்றாகத்தானே ஓடுகிறது, உட்காருங்கள் என்று ஒருவர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் படத்தை நாங்கள் எத்தனை முறை பார்த்தோம் என்ற கணக்கை விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. கதாநாயகன் எந்தக் கையில் வாணலி பிடிப்பான், எந்தக் காலால் உதைப்பான் என்பது எங்கள் தலைக்கு மட்டுமல்ல, கை கால்களுக்கே தெரியும். இடது. திரையில் அவன் வலது கையில் பிடித்திருந்தான்.

எஸ்தர் மட்டும் கத்தவில்லை. எழுந்தவள் எழுந்தபடியே நின்று, திரையையும் தன் இடது கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மூன்று வாரத்தில் ஒரு சண்டைப் போட்டி இருந்தது.

ஒரு மாறுதலுக்கு

போன வாரம் இந்தத் தொடரை, மீன்பிடிப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே வலை இழுத்த கதையில் நிறுத்தியிருந்தேன். அதற்கு முந்தைய வாரம் லாரியில் கிளீனராக இருந்து தூக்கத்தில் கீழே விழுந்த கதை. உத்திரமேரூரிலிருந்து ஒரு வாசகி, "உங்களுக்கு நல்லதே நடக்கவில்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். நடந்திருக்கிறது அம்மா. எனக்கு நேராக நடக்கவில்லை, என் பக்கத்தில் நடந்தது. ஆனால் நானும் அங்கே நின்றிருந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சிங்கப்பெருமாள் கோயிலில், ஒரு மாடி அறையில், எட்டு ஆண்கள் தங்கியிருந்தோம். எல்லோரும் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகள். எட்டுப் பேருக்கு நான்கு பாய் போதும். நான்கு பேர் வேலைக்குப் போனால் நான்கு பேர் படுப்போம். பாய் ஆறுவதே இல்லை. அதைத் தவிர அந்த அறையில் எனக்குக் குறை ஒன்றும் ஞாபகம் இல்லை.

அறையில் டிவி கிடையாது. என் போன் இருந்தது. அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தால் எட்டுப் பேரும் பார்க்கலாம். அதில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் பேசும் ஒரு சீனச் சண்டைப் படத்தை இணையத்தில் தேடி எடுத்தேன். கம்பெனியில் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியும் வைத்தேன். எடுத்தவன் நான் என்பதைக் கவனத்தில் வையுங்கள். பின்னால் வரும்.

படத்தின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஏற்றியவன் தலைப்பையும் வெட்டியிருந்தான், கடைசியில் ஓடும் பெயர்களையும் வெட்டியிருந்தான். நாங்களே பெயர் வைத்தோம். வாணலிப் படம்.

ஒரு சத்திரத்தில் சமையல் செய்கிறவன் கதாநாயகன். ஒல்லி, குள்ளம். முதலாளியம்மாவை ரவுடிகள் தூக்கிப் போகிறார்கள். இவன் வாணலியோடு கிளம்புகிறான். கதை அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அடி.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

இந்தப் படங்களில் எனக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பை நடுவிலேயே விட்டவன் நான். பத்தொன்பது, இருபது வயதில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் லோடு ஏற்றும் வேலைக்காகக் காத்து நிற்பேன். ஆள் கூப்பிடாத நாட்களில், எதிரே இருந்த டிவி கடையின் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொள்வேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு டிவிகளில் ஒரே படம் ஓடும். வெளியே சத்தம் வராது.

நம்மூர்ப் படம் ஓடினால் பத்து நிமிடத்தில் கால் வலிக்கும். வாய் அசைவதை எவ்வளவு நேரம் பார்ப்பது? சண்டைப் படம் ஓடினால் கால் வலிக்காது. அதற்குச் சத்தம் வேண்டாம், எழுத்து வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். ஒருவன் கையை ஓங்குகிறான், இன்னொருவன் குனிகிறான். இதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை. படித்தவனும் நானும் அங்கே ஒன்று. அந்தச் சமத்துவம் வேறு எங்கேயும் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்று. அந்தப் படங்களில் கதாநாயகன் வேலை செய்கிறவனாக இருப்பான். தண்ணீர் தூக்குகிறவன், மூட்டை சுமக்கிறவன், சமைக்கிறவன். அவன் செய்யும் வேலையிலிருந்தே அவனுக்குச் சண்டை போட வரும். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் சில மாதம் கல்லுக்கு மெருகு போடும் வேலை செய்தேன். தண்ணீர் ஊற்றி, உட்கார்ந்து, நாள் முழுக்க வட்டமாகத் தேய்க்க வேண்டும். தோள் எரியும். எரியும்போது, இது பயிற்சி, ஒருநாள் இந்தத் தோளால் எவனையோ சாய்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். எவனையும் சாய்க்கவில்லை. ஆனால் அந்த நினைப்பில் மாலை வரைக்கும் தேய்த்துவிடலாம்.

கையை உதறுகிறவன்

வாணலிக்காரன் ஒன்று செய்வான். ஓங்கி ஒரு குத்து விட்டதும், எதிரி விழுந்த பிறகு, கையை உதறிக்கொள்வான். வலிக்கிறது அவனுக்கு.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் எஸ்தர்.

எஸ்தருக்கு ஊர் படாளம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு காலத்தில் கரும்பு வெட்டும் கூலி. பிறகு அப்பா வாட்ச்மேன் ஆனார். இவள் டிப்ளமா முடித்துவிட்டு, நானும் டில்லியும் வேலை செய்த அதே கம்பெனி லைனில் நின்றாள். அவள் கையில் பவர் கன். நாள் முழுக்க வலது கையால் திருகாணி முடுக்கும் வேலை. ஷிஃப்ட் முடியும்போது அந்த மணிக்கட்டு வீங்கியிருக்கும்.

ஒருநாள் டீ இடைவேளையில் டில்லி வாணலிக்காரனின் உதையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தான். டில்லி மதுராந்தகத்துப் பக்கம். ஆள் பருமன், ஆனால் படத்து வசனம் ஒன்றையும் விடமாட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எஸ்தர் டீயைக் கீழே வைத்தாள்.

"தப்பா சுத்துற. இடுப்பு மொதல்ல போவணும், காலு அப்புறம். அவன் ஒருவாட்டியும் காலை முன்னாடி வுட்டதில்ல."

"நீ எங்க பாத்த?"

"பஸ்ல. டெய்லி வரச்சொல்லோ ஒருவாட்டி, போவச்சொல்லோ ஒருவாட்டி. நம்ம ஹீரோங்க நூறு பேரை அடிச்சாலும் சட்டை கசங்காது. இவன் கையை ஒதறிக்கிறான் பாரு. அதான் இவனைப் புடிச்சுது."

டில்லி அவளை அன்றைக்கே ஒன்பதாவது ஆளாகச் சேர்த்துவிட்டான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஞாயிறு காலையில் பஸ் பிடித்து மாமல்லபுரம் போவோம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தெற்கே நடந்தால் சவுக்குத் தோப்பும் மணலும். அங்கே பயிற்சி. போனைச் சவுக்கு மரத்தில் கட்டிவிட்டு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு அசைவாகச் செய்வோம். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் போனது. எங்களுக்குச் சந்தோஷம். எஸ்தருக்கு அதற்கு மேலே ஏதோ நடந்துகொண்டிருந்தது. அவள் இடது கால் சுழன்று வந்தால், நான் பிடித்திருக்கும் நுரை ரப்பர் மூட்டையோடு இரண்டு அடி பின்னால் போவேன். எனக்குத் தோளில் அடிபட்டுக் கன்றிய ஒரு பச்சை எப்போதும் இருக்கும். பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

பீச்சாங்கை

சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படத்தில் வாணலிக்காரன் சாப்பிடுகிற காட்சி வரும். குச்சியை இடது கையில் பிடித்துச் சாப்பிடுவான். அவன் மட்டுமில்லை, சத்திரத்தில் எல்லோருமே இடது கையால்தான் சாப்பிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோதே டில்லி கேட்டான்.

"இன்னா அண்ணாத்த, எல்லாரும் பீச்சாங்கைல துன்னுறானுங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் நான்கு ஊர் சுற்றியவன், விஷயம் தெரிந்தவன் என்று அறையில் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற ஒரு விளக்கம் சொன்னேன். அந்தத் தேசத்தில் சண்டை படித்தவர்கள் வலது கையை ஓய்வாக வைத்திருப்பார்கள், எல்லா வேலைக்கும் இடது கை, அப்படித்தான் இடது கைக்குப் பலம் ஏறுகிறது என்றேன். மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். சொல்லி முடித்தபோது நானே நம்பியிருந்தேன்.

டில்லி அடுத்த நாளிலிருந்து மெஸ்ஸில் இடது கையால் சாப்பிட ஆரம்பித்தான். மெஸ் நடத்தும் அக்கா மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் தட்டையே பிடுங்கிக்கொண்டார். ஒழுங்காகக் கை மாற்றிச் சாப்பிடு, இல்லையென்றால் வேறு கடை பார் என்றார். பலத்துக்காகப் பசியோடு இருக்க டில்லியால் முடியாது. மாற்றிக்கொண்டான்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத ஒன்று நடுவில் வந்தது.

கடற்கரையில் காலை நடை வரும் ஒரு அம்மாள் எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் அவர். ஒருநாள் நேராக எஸ்தரிடம் வந்தார். தன் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டும், வருவாயா என்று கேட்டார். ஆனால் வெறும் கையோடு எடுக்க முடியாது, பெற்றோர் கேட்பார்கள். செங்கல்பட்டில் சீக்கிரமே ஒரு திறந்த போட்டி நடக்கிறது, எந்தப் பாணிக்காரரும் சேரலாம். அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்து ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் வேலை அவளுக்கு.

எஸ்தருக்குக் கம்பெனியில் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களில் யாருக்கும் புதுப்பித்ததில்லை. நான் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவேன், எனக்குப் போவது பழக்கம். அவளுடைய மணிக்கட்டு இன்னொரு பவர் கன்னைத் தாங்காது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் சன்னல் பக்கம் பார்த்தபடி, "இது மட்டும் கெடைச்சா போதும்" என்றாள்.

எழுத்து ஓடியது

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டு தியேட்டரில் வாணலிப் படத்தைப் போட்டார்கள். புதுப் படம் ஒன்று மூன்று நாளில் படுத்துவிட்டதாம், காலைக் காட்சிக்கு மட்டும் இந்தப் பழைய படம். போஸ்டரைப் பார்த்த டில்லிக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

வாணலிக்காரனைப் பெரிய திரையில் முதல்முறையாகப் பார்க்கப் போகிறோம். பூமாலை போட்டால் அவனுக்குப் பொருந்துமா? டில்லி குடைமிளகாயும் கேரட்டும் வெங்காயத்தாளும் கோத்து ஒரு மாலை கட்டினான். மெஸ் அக்காவிடம் கெஞ்சி ஒரு வாணலி வாங்கி வந்து, அதில் சூடம் ஏற்றி, தியேட்டர் வாசலில் போஸ்டருக்கு ஆரத்தி காட்டினோம். வாட்ச்மேன் விரட்டினார். டிக்கெட் கிழிப்பவர் சிரித்தார். இந்தக் கலாட்டாவில் உள்ளே போக ஐந்து நிமிடம் தாமதம். திரையில் ஓடிய தலைப்பு எழுத்தை நாங்கள் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் கத்தியிருக்க மாட்டோம்.

ஆபரேட்டர் இறங்கி வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. கோபம் இல்லை. பிரச்சினை என்ன என்று கேட்டார். டில்லி விளக்கினான். என் போனை வாங்கி அவரிடமே காட்டினான். அவர் போனை ஒரு பார்வை, திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, கடைசி வரைக்கும் உக்காந்து பாரு. பேரு ஓடும். இங்கிலீஷ் எழுத்து திரும்பிக்கினு இருந்துச்சுன்னா என் மீசையை எடுத்துக்கிறேன். நேரா இருந்துச்சுன்னா நீ கம்முனு வூட்டுக்குப் போ."

உட்கார்ந்தோம். நான் ஆயிரம் சண்டைப் படம் பார்த்திருப்பேன். அவ்வளவு பயத்தோடு பார்த்தது அந்த ஒன்றுதான். சத்திரத்துக் காட்சி வந்தது. வாணலிக்காரன் வலது கையால் சாப்பிட்டான். எல்லோரும் வலது கையால் சாப்பிட்டார்கள். இருட்டில் டில்லி என் பக்கம் திரும்புவது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

படம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். நாங்கள் ஒன்பது பேரும் இருந்தோம். ஆபரேட்டர் எங்களுக்காக விளக்குப் போடாமல் விட்டிருந்தார். கறுப்புத் திரையில் கீழிருந்து மேலே எழுத்து ஓடியது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதும். எல்லா எழுத்தும் நேராக இருந்தது.

வெளியே வந்ததும் ஆபரேட்டர் விஷயத்தைச் சொன்னார். திருட்டுத்தனமாகப் படம் ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கண்ணாடியில் தெரிவது போல அதைத் திருப்பி ஏற்றுவார்களாம். நாங்கள் இரண்டு வருடம் கற்றது கண்ணாடியில் தெரிந்த சண்டை. எட்டு மடையர்கள் கற்றால் பரவாயில்லை. எஸ்தரும் கற்றிருந்தாள்.

வாசலில் போஸ்டர் மாலையிலிருந்த கேரட்டை ஒரு ஆடு தின்றுகொண்டிருந்தது. டில்லி அதை விரட்டவில்லை.

மூன்று நாள்

அந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்தவன் நான். இடது கைக்கு வியாக்கியானம் சொன்னவனும் நான். எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மூன்று நாள் லீவு போட்டாள். சரியான பக்கத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் கற்பதற்கு.

மூன்று நாளும் நான் நுரை மூட்டையோடு சவுக்குத் தோப்பில் நின்றேன். அவள் வலது காலைச் சுழற்றினால் இடது கால் மணலில் வழுக்கியது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது விழுந்தாள். மூட்டையில் விழுந்த உதை என் தோளுக்கு வந்து சேரவே இல்லை. மூன்றாம் நாள் அவள் முகம் முழுக்க மணல். என் தோளில் பச்சை மறைய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

போட்டியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

எஸ்தர் மணலில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, எப்போதும் நிற்கிற மாதிரி நின்றாள். "மூட்டையைப் புடி அண்ணாத்த" என்றாள்.

இடது கால் வந்தது. நான் மூட்டையோடு சவுக்கு மரத்தில் போய் மோதினேன்.

"படம் திரும்பிக்கினு இருந்தா இருக்கட்டும்" என்றாள். "என் காலு திரும்பல."

மண்டபம்

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடை இருக்கும் இடத்தில் நடுவர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் விரிப்பு போட்டுச் சண்டைத் தளம். முந்தைய நாள் கல்யாணத்துச் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள், வரிசை வரிசையாக. எஸ்தர், டில்லி வாங்கிக் கொடுத்த கறுப்பு டிராக் பேன்ட்டும் டீ ஷர்ட்டும் போட்டிருந்தாள்.

காலையில் தனி ஆட்டம். ஒவ்வொருவரும் தங்கள் பாணியின் அசைவுகளைச் செய்து காட்ட வேண்டும். எஸ்தர் வாணலி இல்லாமல் வாணலிச் சண்டையைச் செய்தாள். எங்கள் எட்டுப் பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை நடுவர் பல வருடமாகக் கராத்தே வகுப்பு நடத்துகிறவர், எல்லோருக்கும் மாஸ்டர். மைக்கை எடுத்து, எல்லாம் தலைகீழாக இருக்கிறதே, எந்தப் பள்ளி என்று கேட்டார்.

"பள்ளி இல்ல சார். படம் பாத்து."

கூடமே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் சிரித்தார். தனி ஆட்டத்தில் எஸ்தருக்குக் கடைசி இடம். டில்லி அழுவதற்குத் தயாராக இருந்தான். இன்னும் மோதல் இருக்கிறது, அதில் முதல் மூன்றுக்குள் வந்தால் போதும் என்று நான் சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

அவள் எடைப் பிரிவில் எட்டுப் பெண்கள். முதல் மோதலில் எதிரே நின்றவள் நல்ல உயரம். மணி அடித்தது. உயரக்காரி ஒரு அடி எடுத்து வைத்தாள், தயங்கினாள், கால் மாற்றினாள், மறுபடி தயங்கினாள். எஸ்தரின் இடது கால் அவள் விலாவில் போய் உட்கார்ந்தது. ஒரு புள்ளி. மறுபடி மணி. மறுபடி அதே விலா.

என்ன நடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்து ஒரே மாதிரி நிற்கிறவர்களோடு மோதிப் பழகியவர்கள். அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். அந்தப் பக்கம்தான் காவல். எஸ்தர் வந்தது, காவல் இல்லாத பக்கத்தில். அவர்களுக்கு அவள் ஒரு கண்ணாடி. கண்ணாடியோடு யாரும் சண்டை போட்டுப் பழகியதில்லை.

முதல் மோதல் அவளுக்கு. இரண்டாவதும் அவளுக்கு. இரண்டாவது முடிந்தபோதே இறுதிக்கு வந்துவிட்டாள். அதாவது இரண்டாம் இடம் உறுதி. சான்றிதழ் உறுதி. வேலை உறுதி. எஸ்தர் எங்கள் பக்கம் திரும்பி ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒன்று பாக்கி.

இறுதியில் வந்தவள் மாஸ்டரின் சொந்த மாணவி. கெட்டிக்காரி. எஸ்தரின் இரண்டு மோதல்களையும் ஓரத்தில் நின்று பார்த்து, இடது காலுக்குக் காவலோடு வந்திருந்தாள். முதல் நிமிடத்தில் எஸ்தர் வாங்கினாள். உதட்டில் ரத்தம். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எஸ்தரின் இடது காலை அந்தப் பெண் இரண்டு தடவை தட்டிவிட்டாள். பிறகு எஸ்தர் ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். சமம். கடைசி அரை நிமிடம்.

அப்போது எஸ்தர் இடது காலைத் தூக்கினாள். அந்தப் பெண்ணின் இரண்டு கையும் அதைத் தடுக்கப் போனது. கால் வரவில்லை. இடுப்பு மட்டும் சுழன்றது. வந்தது இடது கை, வாணலி பிடிக்கிற கை. மார்புக் கவசத்தில் விழுந்த சத்தம் கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

கொடி உயர்ந்தது.

எஸ்தர் கையை உதறிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் டில்லி தளத்துக்குள் ஓடிவிட்டான். அவன் பின்னால் நாங்கள் ஏழு பேர். எங்களை வெளியேற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. வெளியே நின்று விசில் அடித்தோம். பிறகு உள்ளே விட்டார்கள்.

மெடலை மாட்டிவிட்டு மாஸ்டர் அவளிடம் கேட்டார், இடது கைப் பழக்கமா என்று.

"இல்ல சார். சோத்துக்கை வலதுதான். சண்டைக்கைதான் இது."

மாஸ்டர் அவள் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரம் தன் வகுப்புக்கு ஒரு நாள் வந்து போகச் சொன்னார். தன் பிள்ளைகள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான். காலையில் சிரித்ததை அவரிடம் நான் கணக்கில் வைக்கவில்லை.

நாற்பது பெண்கள்

பள்ளியில் எஸ்தர் சேர்ந்த முதல் வாரமே போய்ப் பார்த்தேன். எனக்கும் கம்பெனியில் முடிந்துவிட்டது. அடுத்து எங்கே என்று தெரியாமல் இருந்த நாட்கள். தோளில் பை இருந்தது.

பள்ளி மைதானம் மணல் தரை. ஐந்து சவுக்கு மரம், அதற்குப் பின்னால் கடல். நாற்பது பெண் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எஸ்தர் அவர்களைப் பார்த்து நின்று, இடது கையை ஓங்கிக் குத்தினாள். எதிரில் நின்ற நாற்பது பேரும் அவளைப் பார்த்து அப்படியே குத்தினார்கள்.

எல்லோரும் வலது கையால்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டேன். அவளைக் கண்ணாடியாகப் பார்த்து, அந்தப் பிள்ளைகள் திருப்பிச் செய்தார்கள். கால் சுழற்றினாள், நாற்பது வலது கால்கள் சுழன்றன. செங்கல்பட்டு தியேட்டரில், பெரிய திரையில், வாணலிக்காரன் செய்தது அச்சு அசலாக அந்த மணலில் நடந்துகொண்டிருந்தது. எஸ்தருக்குக் குத்திய கை வலித்திருக்க வேண்டும், உதறிக்கொண்டாள். அதுவும் பாடம் என்று நினைத்து நாற்பது பேரும் கையை உதறினார்கள்.

அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஒருமுறை முழுதாக, முதலிலிருந்து கடைசி வரை, அவர்களை அப்படியே செய்ய விட்டாள்.

பிறகு பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இனிமேல் அவள் இடது என்றால் அவர்களுக்கும் இடது.

"இவ்ளோ நேரம் செஞ்சது படத்துல வர்றது" என்றாள், தலையைத் திருப்பாமலே. "இப்ப செய்யப் போறது நம்மளுது. பாத்து செய்யுங்க."

நாற்பது இடது கால்கள் ஒரே சமயத்தில் மணலில் இறங்கின.